தூணுக்குள் வேன் மாமா

டமார்!

தகரம் அதிர்ந்தது. அட்டைத் தூண் இரண்டாகப் பிளந்தது. உள்ளே இருந்து நரசிம்மம் பாய்ந்து வந்தது.

ஆனால் மேடையில் பிரகலாதனைக் காணோம்.

"குந்தவை" என்று கூப்பிட்டார் ஜெயபாரதி டீச்சர். மிருதங்கக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு, கட்டை விரலால் தன் முதுகுப் பக்கம் காட்டினார். அவருக்கும் சுவருக்கும் நடுவில் சலங்கை கட்டிய இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன.

"இதோட மூணாவது தடவை" என்றார் டீச்சர்.

நரசிம்மம் தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்துக் கழுத்து வியர்வையைத் துடைத்தது. துண்டு போனதும் சிங்கமும் போய்விட்டது. மிச்சம் நின்றவர் மருதையன் மாமா, குந்தவையின் பள்ளிக்கூட வேனை ஓட்டுகிறவர்.

"பாப்பா, நான்தான். வெளிய வா. இப்பத்தான் நாலு வடை சாப்பிட்டேன். உன்னைத் திங்க வயித்துல இடமில்ல."

ஒத்திகை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். குந்தவை மெல்ல வெளியே வந்தாள். அவளுக்குப் பத்து வயது. நாலு வருடமாகப் பரதம் கற்றுக்கொள்கிறாள். அடவு பிசகாது, தாளம் பிசகாது. இந்த ஓர் இடம் வந்தால் மட்டும் ஆளே மாயமாகிவிடுவாள்.

"எனக்கு ஒண்ணும் பயமில்ல டீச்சர். காலுதான் தானா ஓடிடுது."

"சனிக்கிழமை மட்டும் அந்தக் காலைப் பிடிச்சு வச்சுக்கோம்மா" என்றார் டீச்சர். "ஊரே ஓடினாலும் ஓடாம நின்ன பிள்ளைதான் பிரகலாதன். நீ ஓடிட்டா நம்ம கதை அங்கேயே நின்னு போயிடும்."

பிறகு மாமா பக்கம் திரும்பினார். "மருதையன், நீங்களும் கவனிங்க. முகமூடி போட்டுட்டா உங்க முகம் யாருக்கும் தெரியாது. கை மட்டும்தான் பேசும். விரலை நல்லா மடக்குங்க, நகம் மாதிரி. இப்ப நீங்க காட்டுறது ஸ்டியரிங் பிடிக்கிற கை. எனக்குச் சிங்கத்துக் கை வேணும்."

"பழக்கதோஷம் டீச்சர்" என்று மாமா விரல்களை மடக்கிக் காட்டினார்.

கீழமாங்குடி நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. ஆனி மாதம் அங்கே பெருமாள் கோவில் திருவிழா. கடைசி நாள் சாயங்காலம் கோவில் வாசலில் பலகை மேடை போட்டு, பிரகலாதன் கதையை நாட்டியமாக ஆடுவார்கள். ஐந்து மணிக்கே ஆரம்பித்துவிடுவார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் தூண் பிளந்தாக வேண்டும். அது அந்த ஊர் வழக்கம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அதை நினைத்தால்தான் குந்தவையின் கால்கள் ஓடின.

நரசிம்மத்தின் முகமூடி வருடம் முழுவதும் கோவில் உள்ளறையில் ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டியிருக்கும். சாவி வைத்தியலிங்கம் தாத்தாவிடம் இருக்கும். அதை ஒத்திகைக்கு எடுக்கக் கூடாது. யாரும் போட்டுப் பார்க்கக் கூடாது. ஆடுகிற அன்று, தூணுக்குள் நின்றுகொண்டுதான் போட வேண்டும். போட்டவர், கற்பூரம் காட்டிக் கழற்றுகிற வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதுவரை இரணியனும் பிரகலாதனும் தவிர வேறு யாரும் மேடையில் கால் வைக்கக் கூடாது.

"ஏன் தாத்தா?" என்று குந்தவை ஒரு தடவை கேட்டாள்.

"போட்டுட்டா உள்ள இருக்கறது அந்த ஆள் இல்லம்மா" என்றார் வைத்தியலிங்கம். "அடுத்த வீட்டுக்காரனா இருந்தாலும் சரி. அப்ப நமக்கு அவனைத் தெரியாது, அவனுக்கு நம்மளத் தெரியாது."

கேட்காமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

நாலு வயதில் அம்மா மடியில் உட்கார்ந்து அந்த முகமூடியை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறாள். தட்டு அளவுக்குக் கண்கள். பிளந்த வாய். சணலால் செய்த பிடரி மயிர். அந்தக் கண்கள் கூட்டத்தில் வேறு யாரையும் பார்க்காமல் அவளையே பார்த்தன. அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் தூண் பிளக்கிற நேரத்தில் அவளுக்குத் தாகம் எடுத்துவிடும். எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

இருபது வருடமாக முகமூடி போட்டவர் இப்போது சிங்கப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். இந்த வருடம் மருதையன் மாமாவுக்கு முதல் முறை. நாலு வடை சாப்பிட்டுவிட்டுச் சிரிக்கிற இந்த மாமா, நாளை மறுநாள் யாராக இருப்பார்?

மறுநாள் காலை வேனில், கடைசி சீட்டில், தோழி ரிஃப்கா வந்து ஏறிய உடனே கேட்டாள். "நேத்தும் ஓடினியாமே?"

"யார் சொன்னா?"

"ஃபாஜிலுக்கே தெரியும்."

ஃபாஜில் ரிஃப்காவின் தம்பி, எல்.கே.ஜி. அவன் முன் சீட்டிலிருந்து திரும்பி, "ஓடினியாமே" என்றான்.

"சாயங்காலமே ஏன் வைக்கிறாங்க?" என்றாள் ரிஃப்கா. "எட்டு மணிக்கு வச்சா எங்க அத்தாவும் கடையைச் சாத்திட்டு வருவாங்கல்ல?"

"அது அப்படித்தான் வைக்கணும். கதையைக் கேளு." குந்தவையின் கைகள் தாமாகவே எழுந்தன. கதை என்றால் அவள் கைகளுக்குத்தான் முதலில் வாய் வரும். "இரணியன்னு ஒரு ராஜா. பெரிய மீசை. மனுஷனாலயும் சாகக் கூடாது, மிருகத்தாலயும் சாகக் கூடாது. பகல்லயும் கூடாது, ராத்திரியும் கூடாது. வீட்டுக்குள்ளயும் கூடாது, வெளியிலயும் கூடாதுன்னு வரம் வாங்கிட்டான்."

"நல்ல வக்கீலா வச்சு வாங்கியிருக்கான்."

"அவன் பிள்ளை பிரகலாதன், சாமி எல்லா இடத்துலயும் இருக்கார்னு சொன்னான். இந்தத் தூணுல இருக்காரான்னு கேட்டான் ராஜா. இருக்கார்னான் பிள்ளை. ராஜா கதாயுதத்தால ஓங்கி ஒரு அடி." குந்தவையின் இரண்டு உள்ளங்கைகளும் பிளந்து விலகின. "தூண் ரெண்டாச்சு. உள்ளேருந்து பாதி மனுஷன், பாதி சிங்கம். பகலும் இல்லாம ராத்திரியும் இல்லாம, விளக்கு வைக்கிற நேரம். அவனைத் தூக்கிட்டுப் போய் வாசப்படியில உக்காந்து மடியில போட்டு..."

ஃபாஜில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். குந்தவை நகம் காட்டிய கையைக் கீழே இறக்கினாள்.

"அப்புறமும் கோபம் அடங்கல. தேவர்களே கிட்டப் போகப் பயந்தாங்க. பிரகலாதன் மட்டும்தான் போனான்."

"அப்ப நீதான் போகணும்."

"நான்தான் போகணும்" என்றாள் குந்தவை.

ரிஃப்கா யோசித்தாள். "கண்ணை மூடிக்கோ. ஊசி போடும்போது நான் அப்படித்தான். மூடிக்கிட்டு எண்ணுவேன்."

"எத்தனை வரைக்கும்?"

"ஊசிக்குப் பத்து. சிங்கத்துக்கு நூறு வச்சுக்கோ."

அப்போது முன்னால் இருந்து மாமா குரல் கொடுத்தார். "கடைசி சீட்டு, ரெடியா?"

ரிஃப்கா தெருவின் முனையில் வேன் திரும்ப இடம் கிடையாது. வாய்க்கால் கரையை ஒட்டிப் பின்னாலேயே போக வேண்டும். போன வாரம்தான் வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்து, கரையைத் தொட்டுக்கொண்டு ஓடியது. வண்டியில் கிளீனர் கிடையாது. கண்ணாடியில் கரை தெரியாது. அதனால் அந்த வேலை கடைசி சீட்டுக் குந்தவைக்கு. அவள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே கம்பியைத் தட்டுவாள். நிதானமாக ஒவ்வொன்றாகத் தட்டினால், வரலாம். அடுத்தடுத்து இரண்டு தட்டு தட்டினால், நில்.

தட்... தட்... தட்... வேன் மெல்லப் பின்னால் வந்தது. சக்கரத்துக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. தட்தட். வேன் நின்றது.

"மாமா, நீங்க ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்க மாட்டீங்களா?" என்று ரிஃப்கா கேட்டாள்.

"நம்ம ஆளு தட்டுதுல்ல. அப்புறம் நான் எதுக்குப் பார்க்கணும்?" என்று மாமா கியரை மாற்றினார்.

அன்று சாயங்காலம் அண்ணன் பரணிதரன் கையெல்லாம் சாயத்தோடு வீட்டுக்கு வந்தான். அவன் கும்பகோணத்தில் ஓவியம் படிக்கிறான். முகமூடியின் வர்ணம் உரிந்து போனதால், புதுசாகத் தீட்டிக் கொடுக்கச் சொல்லி வைத்தியலிங்கம் தாத்தா அவனைக் கூப்பிட்டிருந்தார். மூன்று நாளாக உள்ளறையிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தான்.

"முடிஞ்சுது" என்றான் பரணிதரன். "நாளைக்கு நீ பாக்கப்போற பாரு."

"நான் பாக்கப்போறதில்ல. கண்ணை மூடிக்கப்போறேன்."

"மூடினாலும் விடாது. அந்தக் கண்ணு ரெண்டும் இருக்கே, நீ எந்தப் பக்கம் நின்னாலும் உன்னையே பாக்கும். உருட்டி உருட்டி வரைஞ்சிருக்கேன்."

"போண்ணா."

"வாய்தான் ரொம்ப மோசமா இருந்துச்சு. பெரிய ஓட்டை. பல்லெல்லாம் எப்பவோ உதிர்ந்து போச்சு போல. சும்மா விடுவேனா? மேல ஒரு வரிசை, கீழ ஒரு வரிசை, நடுவுல செவப்பு நாக்கு. இடைவெளியே இல்லாம அடைச்சிட்டேன். கடிச்சா எலும்பு நொறுங்குற மாதிரி இருக்கும்."

அவன் பற்களைக் கடித்துக் காட்டினான். குந்தவை போர்வையைத் தலை வரை இழுத்துக்கொண்டாள்.

"டேய், அதைப் பயமுறுத்தாதடா" என்று அம்மா அடுப்படியிலிருந்து அதட்டினாள்.

சனிக்கிழமை வந்தே விட்டது.

நாலு மணிக்கே குந்தவைக்குப் பிரகலாதன் வேடம் போட்டுவிட்டார்கள். மஞ்சள் பட்டு, தலையில் சின்னக் கொண்டை, நெற்றியில் நாமம். கால் சலங்கை மட்டும் அவள் சொல் கேட்காமல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கிணுகிணுத்தது. டீச்சர் குனிந்து அவள் முழங்காலைப் பிடித்தார். சத்தம் நின்றது. கையை எடுத்தார். மறுபடி ஆரம்பித்தது.

மேடைக்குப் பின்னால் மருதையன் மாமா உட்கார்ந்திருந்தார். முகமூடி போடுகிறவர் அன்று முழுவதும் விரதம். வடை கிடையாது, காபி கிடையாது.

"மாமா" என்றாள் குந்தவை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. பாப்பா என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஒரு முறை ஆட்டிவிட்டு, மறுபடியும் தரையைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

முகமூடி போடும் முன்பே மாறிவிட்டாரா?

நாடகம் ஆரம்பித்தது. மேடையின் முன் விளிம்பில் வரிசையாக அகல் விளக்குகள் எரிந்தன. அதற்குக் கீழே ஜமக்காளத்தில் சின்னப் பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் ஃபாஜில், அவன் பக்கத்தில் ரிஃப்கா. மேடையின் பின்னால், நட்ட நடுவில் அட்டைத் தூண். வலது மூலையில் மரத்தால் செய்த வாசற்படி.

பாம்பு கடிக்காமல் போன கதையை ஆடினாள் குந்தவை. யானை மிதிக்காமல் போன கதையை ஆடினாள். பாம்பையும் யானையையும் அவள் கைகளே செய்து காட்டின. ஃபாஜில் கை தட்டினான். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. கோவில் கோபுரத்துக்குப் பின்னால் வானம் செம்மண் நிறமாகி, பிறகு சாம்பல் நிறமாயிற்று.

இரணியனாக வேடம் போட்டவர் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் இளவழகன். ஒட்டு மீசையின் ஒரு முனை பிரிந்து தொங்க, கதாயுதத்தைச் சுழற்றிக்கொண்டு அவர் வந்தார்.

"இந்தத் தூணில் இருக்கிறானா உன் ஹரி?"

குந்தவை கைகூப்பினாள். "இருக்கிறார்."

தெரு விளக்குகள் எரிந்தன.

டமார்!

குந்தவை கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. தூண் பிளக்கிற சத்தம். கூட்டத்தில் குழந்தைகளின் அலறல். மிருதங்கம் இடி மாதிரி முழங்கியது. ஒன்பது. பத்து. பலகையில் கனமான காலடிகள். கால்கள் ஓடத் துடித்தன. ஓடாதே, ஓடாதே. பதினேழு. பதினெட்டு.

ஒத்திகையில் இந்த இடத்தில் நரசிம்மம் ஒரு சுற்று சுழன்றுவிட்டு, எட்டு அடி வைத்து இரணியனிடம் போகும். அவள் காதுகளுக்கு அந்த எட்டு அடியும் மனப்பாடம். சுழன்றது கேட்டது. பிறகு ஓர் அடி, இரண்டு அடி. மூன்றாவது அடி தப்பான பக்கத்திலிருந்து வந்தது.

மிருதங்கம் நின்றுவிட்டது. பாட்டும் நின்றது.

"சாமி வந்துடுச்சு" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். "நெஜமாவே வந்துடுச்சு."

இருபத்திமூன்றில் குந்தவை கண்ணைத் திறந்தாள்.

அண்ணன் சொன்னது பொய்யில்லை. தட்டு அளவுக் கண்கள் அவளையே பார்த்தன. பற்கள் மேலும் கீழும் நெருக்கிக் கடித்திருந்தன. சணல் பிடரி தோள் வரை தொங்கியது. கால்கள் தயாராகிவிட்டன. மிருதங்கக்காரருக்குப் பின்னால் இன்றைக்கும் இடம் இருந்தது.

நரசிம்மம் இரணியன் பக்கம் போகவில்லை. மேடையின் முன் விளிம்பை நோக்கிப் போனது. அகல் விளக்குகளை நோக்கி. பிள்ளைகளை நோக்கி.

பெரியவர்கள் எல்லோரும் எழுந்து நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். வைத்தியலிங்கம் தாத்தாவின் கண்களில் தண்ணீர். இளவழகன் கதாயுதத்தைக் கீழே போட்டுவிட்டு, இரணியன் என்பதையே மறந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஜெயபாரதி டீச்சர் மேடைப் படியில் ஒரு காலை வைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரை இழுத்துப் பிடித்தார்கள். "போகாதீங்க டீச்சர். குறுக்கப் போகக் கூடாது."

விளக்குகளுக்கு இன்னும் ஐந்து அடி.

பிள்ளைகள் பின்னால் நகரப் பார்த்தார்கள். இடமில்லை. ரிஃப்கா தம்பியை இழுத்து மடியில் போட்டுக் கட்டிக்கொண்டாள். ஃபாஜில் அழக்கூட மறந்து அந்த வாயையே பார்த்தான்.

அப்போதுதான் குந்தவை அந்தக் கையைப் பார்த்தாள்.

நகம் மாதிரி மடங்கியிருக்க வேண்டிய விரல்கள் மடங்கவில்லை. ஐந்தும் விரிந்து, முன்னால் நீண்டு, காற்றைத் தடவின. சிங்கத்துக் கை அல்ல அது. கரண்டு போன வீட்டில் சுவரைத் தேடுகிற கை.

முகம் அவளையே முறைத்தது. கை எதையோ தேடியது. கை மட்டும்தான் பேசும் என்று டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது.

பெரிய ஓட்டை. இடைவெளியே இல்லாமல் அடைத்துவிட்டேன்.

அந்தக் கண்கள் வரைந்த கண்கள். அவற்றால் எதையும் பார்க்க முடியாது. மாமா பார்க்க வேண்டியது வாய் வழியாக. அண்ணன் அந்த வாயைத்தான் அடைத்துவிட்டான். மாமாவுக்கு எதுவும் தெரியவில்லை. வாய் திறந்து சொல்லவும் கூடாது.

விளக்குகளுக்கு இன்னும் மூன்று அடி. சணல் பிடரி ஆடியது.

கத்தலாமா? கத்தினால் கூட்டமும் கத்தும். அந்தச் சத்தத்தில் மாமாவுக்கு எது எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?

குந்தவை வலது காலைத் தூக்கிப் பலகையில் ஓங்கி இரண்டு முறை அடுத்தடுத்துத் தட்டினாள்.

தட்தட்.

சலங்கை சேர்ந்து அலறியது. நரசிம்மம் தூக்கிய காலோடு அப்படியே நின்றது.

பிறகு அந்தப் பெரிய தலை, மெல்ல, மிக மெல்ல அவள் பக்கம் திரும்பியது. கண்கள் மறுபடி அவளை முறைத்தன. அந்தப் பல்லைப் பார்க்காதே, கையைப் பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கையைப் பார்த்தாள். அது இன்னும் காற்றைத் தடவிக்கொண்டிருந்தது.

தட்.

நரசிம்மம் ஓர் அடி வைத்தது. விளக்குகளை விட்டு விலகி, அவளை நோக்கி.

தட். தட்.

குந்தவை கைகூப்பியபடியே பின்னால் நகர்ந்தாள். ஒவ்வோர் அடிக்கும் ஒரு தட்டு. அவள் பின்னால் போகப் போக, சிங்கம் அவளைத் தொடர்ந்து வந்தது. அதன் கனத்த மூச்சு அவள் முகத்துக்கு நேரே கேட்டது. கால்கள் ஓட வேண்டும் என்றன. ஓடினால் மாமாவும் பின்னாலேயே ஓடி வந்து எங்காவது விழுவார். அவள் கால்களை ஓட விடாமல் தட்ட வைத்தாள். தட். தட். வாய்க்கால் முனையில் வேன் வருகிற அதே வேகம்.

மிருதங்கக்காரருக்கு என்ன தோன்றியதோ, அவள் கால் விழும்போதெல்லாம் ஒரே ஒரு அடி சேர்த்துக் கொடுத்தார். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. இப்படி ஓர் இடத்தை அவர்கள் எந்த வருடமும் பார்த்ததில்லை.

வலது மூலை வந்தது. வாசற்படி அவள் குதிகாலில் இடித்தது.

தட்தட்.

நரசிம்மம் நின்றது. விரிந்த கை துழாவியது. இரணியன் அங்கே இல்லை. அவர் இன்னும் மேடை நடுவில் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமா, இங்க வாங்க" என்று குந்தவை உதடு அசையாமல் இளவழகனிடம் கிசுகிசுத்தாள். "வந்து படுங்க."

"எங்க?"

"மடியில."

இரணியன் குடுகுடுவென்று ஓடி வந்தார். குந்தவை நரசிம்மத்தின் கையைப் பிடித்து வாசற்படியைத் தொட்டுக் காட்டினாள். நரசிம்மம் தடவிப் பார்த்து உட்கார்ந்தது. மூன்று உலகத்தையும் நடுங்க வைத்த ராஜா, தானாகவே போய் அதன் மடியில் படுத்துக்கொண்டு, "நான் இங்கதான் இருக்கேன் மருதையன், பாத்துக் குத்துங்க" என்றார்.

விரல்கள் மடங்கின. இப்போது அது சிங்கத்துக் கை.

மிருதங்கம் இடித்தது. சங்கு ஊதியது. ஊர் முழுவதும் ஒரே குரலில் கோவிந்தா போட்டது. குந்தவை துளசி மாலையை எடுத்துக்கொண்டு கிட்டே போனாள். இந்த முறை கால்கள் எதுவும் சொல்லவில்லை.

கற்பூரம் காட்டினார்கள். மேடைக்குப் பின்னால் கூட்டிப்போய் முகமூடியைக் கழற்றினார்கள். உள்ளே மருதையன் மாமா வியர்வையில் குளித்திருந்தார். மூக்கு நுனியில் சிவப்புச் சாயம் ஒட்டியிருந்தது.

"எப்பேர்ப்பட்ட அருள்" என்று வைத்தியலிங்கம் அவர் காலில் விழப் போனார்.

"ஐயா, அருளும் இல்ல ஒண்ணும் இல்ல" என்று மாமா பதறி விலகினார். "உள்ள ஒரே இருட்டு. கண்ணே தெரியல."

தாத்தா முகமூடியை விளக்கடியில் தூக்கிப் பிடித்தார். பற்களுக்கு நடுவில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. "பரணி, இந்த வாய் வழியாத்தானடா பாக்கணும்."

பரணிதரன் முகம் சுண்டிப்போயிற்று. "ஓட்டையா இருந்துச்சேன்னு அடைச்சேன் தாத்தா. போட்டுப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீங்கதானே போட்டுப் பாக்கக் கூடாதுன்னீங்க."

தாத்தா முகமூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடுத்த வருஷம் பெருமாள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டு, முன்னாடியே ஒரு தடவை போட்டுப் பாத்துடுவோம்" என்று முணுமுணுத்தார்.

ரிஃப்கா தம்பியோடு ஓடி வந்தாள். ஃபாஜில் தூரத்திலேயே நின்று, மாமாவை மேலும் கீழும் பார்த்தான். பிறகு, "வேன் மாமாதான்" என்று அக்காவுக்கு உறுதி சொன்னான்.

யாரோ ஒரு சொம்பு பானகம் கொண்டுவந்து கொடுத்தார்கள். மருதையன் மாமா பாதியைக் குடித்துவிட்டு, மீதியைக் குந்தவையிடம் நீட்டினார். இருவரும் மேடைப் பலகை மேல் உட்கார்ந்தார்கள்.

"தட்டினது கேட்டுச்சு பாப்பா. சரி, வாய்க்கா முனைன்னு நினைச்சுக்கிட்டேன்."

குந்தவை சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள். பிறகு சொன்னாள். "மாமா, நான் முதல்ல ஓடிடலாம்னுதான் இருந்தேன்."

மாமா அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"நானுந்தான் பாப்பா. எந்தப் பக்கம் ஓடுறதுன்னுதான் தெரியல."